அவர்கள் எழுதியதை அவர்களே அழிக்கட்டும்

1

என்னிடம் ஓர் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டிருக்கிறது. பெரிய அரசாங்கம் இல்லை, நான் குடியிருக்கும் கனடா நகரத்தின் நகராட்சிதான். ஆனால் ஐம்பத்து மூன்று வயது வரை எந்த அலுவலகத்திலும் 'உட்காருங்க' என்றுகூடக் கேட்டறியாத ஒருவனுக்கு இது போதுமான பரபரப்பு.

விஷயம் புல். இங்கே வீட்டு முகப்பில் புல் ஓர் அளவுக்கு மேல் வளர்ந்தால் நகராட்சி கதவில் நோட்டீஸ் ஒட்டிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் ஊரில் இல்லை. அவர் புல் முழங்கால் வரை வந்துவிட்டது. நோட்டீஸ் என் கதவில் இருந்தது. என் வீட்டுப் புல் அப்படி வளரக்கூடியதே இல்லை. அது என் தலைமுடியைப் பார்த்து நடந்துகொள்கிறது. தொலைபேசியில் சொன்னேன். பத்தாம் நாள் கடிதம் வந்தது. ஒரே பக்கத்தில் நான்கு இடங்களில் வருத்தம் தெரிவித்திருந்தார்கள். எனக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய மன உளைச்சலுக்குத் தனியாக ஒரு வருத்தம். எனக்கு மன உளைச்சல் எதுவும் இல்லை. கடிதத்தைப் படித்த பிறகுதான், ஏற்பட்டிருக்க வேண்டுமோ என்று சந்தேகம் வந்தது.

என் மகளுக்குப் பதினாறு வயது. கடிதத்தை மூன்று விநாடி பார்த்தாள். "அப்பா, இது டெம்ப்ளேட். பேர் மட்டும் சேஞ்ச் பண்ணுவாங்க" என்று சொல்லிவிட்டு ரொட்டிக்கு வெண்ணெய் தடவப் போனாள்.

நான் விடவில்லை. படம் எடுத்துச் சிதம்பரத்தில் இருக்கும் என் அக்காவுக்கு அனுப்பினேன். சற்றுப் பெருமையாகவே அனுப்பினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அக்கா உடனே கூப்பிட்டாள்.

"கையெழுத்து மையில போட்டிருக்கா, பிரிண்டா?"

"பிரிண்டுதான்."

"சீலு?"

"இல்ல."

"நம்பரு, தேதி?"

"ரெண்டும் இருக்கு."

"அப்ப பாதி செல்லும்" என்றாள். பிறகு, "புல்லுக்கே கேட்டிருக்கானுங்க, பாரேன்" என்றாள்.

2

அக்கா பெயர் வசந்தா. சிதம்பரத்தில் ஓர் அரசு அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறாள். எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். அவள் இன்னும் அதற்கு எதிரேதான் பிழைக்க வேண்டும். வந்தவர் பேசப் பேச மனு அடித்துக் கொடுப்பது அவள் தொழில். பட்டா பெயர் மாற்றம், முதியோர் உதவித்தொகை, தொலைந்துபோன சான்றிதழ் என்று ஒவ்வொன்றுக்கும் கணினியில் ஒரு மாதிரி வைத்திருக்கிறாள். கம்மாபுரத்திலிருந்தெல்லாம் அவளைத் தேடி ஆட்கள் வருவார்கள். மக்கள் அலுவலகத்துக்கு எழுத அவளிடம் நாற்பது மாதிரி உண்டு. அலுவலகம் மக்களிடம் மன்னிப்புக் கேட்டு எழுத ஒன்றுகூடக் கிடையாது. இதுவரை யாரும் வந்து கேட்டதில்லை என்பாள்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அவள் தெருவில் குளத்தைச் சுற்றியிருந்த ஆக்கிரமிப்புகளை அகற்றினார்கள். அகற்ற வேண்டியதுதான். மழைக்காலத்தில் அங்கே முட்டியளவு தண்ணீர் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அளக்க வந்தவர்கள் தவறான கல்லிலிருந்து அளக்கத் தொடங்கிவிட்டார்கள். தெருவை அகலப்படுத்தியபோது பிடுங்கி வேறோர் இடத்தில் நட்ட கல் அது. விளைவாக, குளம் காகிதத்திலேயே நகர்ந்து வந்து அக்கா வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. ஒரு நாள் ஒரு ஜீப்பும் ஒரு பொக்லைனும் வந்தன. முன்பக்கக் கொட்டகையும் குளியலறையும் போயின. மிஞ்சிய வீட்டின் தெருப்பக்கச் சுவரில் சிவப்புப் பெயிண்டால், முழ நீள எழுத்தில், 'ஆக்கிரமிப்பு' என்று எழுதி ஓர் எண்ணும் போட்டுவிட்டுப் போனார்கள்.

ஒன்றரை வருஷம் அக்கா தனக்குத் தானே மனு அடித்துக்கொண்டாள். மறுபடி அளந்தார்கள். இரண்டு வரியில் உத்தரவு வந்தது: மேற்படி இடம் ஆக்கிரமிப்பு அல்ல எனப் பதிவேட்டில் திருத்தம் செய்யப்பட்டது. அவ்வளவுதான். பதிவேடு சரியாகிவிட்டது. சுவர் அப்படியே இருந்தது.

அதை அழிக்க அக்கா யாரையும் விடவில்லை. "அவுங்க எழுதனத அவுங்கதான் அழிக்கணும்" என்பது அவள் கட்சி. மாமா, அதாவது அக்காவின் கணவர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சண்டை போடுகிற ஆள் இல்லை. அவர் தன் மொபெட்டை அந்த எழுத்துக்கு முன்னால் நிறுத்தத் தொடங்கினார். அது 'ஆக்கிர' வரை மறைக்கும். 'மிப்பு' வெளியே தெரியும். புதிதாக வருகிறவர்கள் அது ஏதோ கட்சியின் பெயர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

3

மன்னிப்பு விஷயத்தில் எனக்குக் கனடா வந்த முதல் மாதத்திலிருந்தே குழப்பம். பஸ்ஸில் என் பூட்ஸ் ஒரு பெரியவர் காலில் பட்டுவிட்டது. நம் வழக்கப்படி குனிந்து, அவர் முழங்காலைத் தொட்டு, என் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் என்னிடம் 'சாரி' என்றார். பிறகு எழுந்து நாலு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார். வாயைத் திறக்காமல் கையால் கேட்பது என் பழக்கம். கையை அசைக்காமல் வாயால் கேட்பது அவர் பழக்கம். ஓர் அலுவலகத்துக்குக் கையும் இல்லை, கண்ணும் இல்லை. அது எப்படித்தான் கேட்கும் என்ற யோசனை அன்றைக்கே விழுந்திருக்க வேண்டும்.

புல் கடிதத்துக்குப் பிறகு கொஞ்சம் படித்துப் பார்த்தேன். இங்கே பல மாகாணங்களில் மன்னிப்புக்கென்றே சட்டம் இருக்கிறது. மன்னிப்புக் கேட்டதை நீதிமன்றத்தில் குற்ற ஒப்புதலாக வைத்து வாதாட முடியாது. தாராளத்தின் ரகசியம் எனக்குக் கொஞ்சம் புரிந்தது. கேட்டால் கைவிட்டு எதுவும் போகாது என்றால் நான்கு தடவை கேட்பதில் என்ன கஷ்டம்? ஆனால் என் புத்தி எப்போதும் இப்படித்தான் குதர்க்கமாகப் போகும் என்பதால், அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரி நோராவிடம் கேட்டேன். நோரா இந்த மண்ணின் பழங்குடிப் பெண். அவள் அம்மாவைச் சிறுவயதில் பெற்றோரிடமிருந்து பிரித்துக்கொண்டுபோய் விடுதிப் பள்ளியில் போட்டார்கள். தாய்மொழி பேசினால் அடி. பிற்காலத்தில் நாட்டின் பிரதமரே பாராளுமன்றத்தில் எழுந்து அதற்காக மன்னிப்புக் கேட்டார்.

"அம்மா அத டிவியில பாத்தாங்களா?"

"பார்த்தாள். அழுதாள். நான் அவள் அப்படி அழுது பார்த்ததில்லை" என்றாள் நோரா. "பிறகு எழுந்துபோய்க் குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைத்தாள். எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்க முடியாது. இன்றைக்கும்."

நான் பதிலுக்கு 'சாரி' என்றேன். வேறு என்ன சொல்வது?

4

விடுமுறையில் ஊருக்குப் போனது அக்கா மகள் தேன்மொழியின் நிச்சயதார்த்தத்துக்காக. ஞாயிற்றுக்கிழமை, வீட்டிலேயே. மாப்பிள்ளை வீட்டார் சேத்தியாத்தோப்பிலிருந்து வருகிறார்கள். நான் சனிக்கிழமை போய் இறங்கினேன். நிச்சயத்துக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. பெட்டியை உள்ளே வைப்பதற்குள் மாமா என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"மச்சான், சந்தன கலர்ல ரெண்டு டப்பா வாங்கி வெச்சிருக்கேன். ஒரு மணி நேர வேல. பொண்ணு எடுக்க வர்றவங்க வாசல்லயே அத படிச்சா என்னா நெனப்பாங்க? நீ ஒரு வார்த்த சொல்லு. நீ கனடாவுலேர்ந்து வந்திருக்க, உன் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருக்கும்."

"எந்த வீட்டுல மாமா?"

"அதுவும் சரிதான்" என்றார்.

இருந்தாலும் சொன்னேன். அக்கா கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தப்பு நடந்துச்சுன்னு எனக்கு கோவம் இல்லடா. அளக்கறவன் மனுசன், கல்லு மாறிப்போச்சு. நான் அடிக்கற மனுவுலயும் ஆயிரம் தப்பு வரும். ஆனா அவுங்க சுவத்துல எழுதனத ஊரே படிச்சிச்சு. திருத்தின ஆர்டர யார் படிச்சா? நானு, உங்க மாமா, அந்த பீரோ." கறிவேப்பிலைக் காம்பை ஒதுக்கிப் போட்டாள். "இடிச்ச மறுமாசம் கடைக்கு ஒரு அம்மா வந்திச்சு. பட்டா மனு. பாதி அடிச்சிட்டேன். 'ஏம்மா, நீயே பொறம்போக்குல வீடு கட்டிக்கிட்டு எனக்கு மனு எழுதித் தரியா'ன்னுச்சு. பேப்பர வாங்காமலே போயிடுச்சு."

மாமா மெதுவாக, "அது ஒரு பொம்பள சொன்னது வசந்தா" என்றார்.

"ஒண்ணு சொல்லிச்சு. சொல்லாம போனது எத்தன?"

ஞாயிற்றுக்கிழமைக்குள் அவர்களே வந்து அழித்தால் சரி. இல்லாவிட்டால் சம்பந்தி வீட்டார் அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அக்கா சொன்னதன் சாரம் அது. மாமா பெயிண்ட் டப்பாக்களைக் கட்டிலுக்கடியில் தள்ளினார்.

5

திங்கட்கிழமை கடலூர். அது கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கும் நாள். பஸ்ஸில் ஆலப்பாக்கம் தாண்டி, சிப்காட் தாண்டி, வழி முழுக்க அக்கா மடியில் ஒரே ஒரு தாள். குளியலறை இடிந்ததற்கும் சேர்த்து அதிலேயே கேட்டுவிடலாமே என்றேன்.

"ஒரு மனு, ஒரு கோரிக்க" என்றாள். "ரெண்டு கேட்டா அவுங்களுக்கு எது சுலபமோ அத மட்டும் செஞ்சிட்டு 'மனு தீர்வு செய்யப்பட்டது'ன்னு முடிச்சிருவாங்க. காச குடுத்துட்டு சுவத்த விட்டுருவாங்க. இல்லன்னா சுவத்த அடிச்சிட்டு, எல்லாம் முடிஞ்சிச்சும்மான்னு கும்புடு போடுவாங்க. பதினெட்டு வருசமா இத தான்டா நான் சனங்களுக்கு சொல்லிக்கிட்டு இருக்கேன்."

புல் கடிதத்தை நான் சட்டைப்பையில் வைத்திருந்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள். சிலர் மருத்துவச் சீட்டு வைத்திருப்பது போல.

மனு வாங்கப்பட்டு, எண் போடப்பட்டு, 'நடவடிக்கைக்கு' என்று சிதம்பரத்துக்கே திரும்பியது. செவ்வாய்க்கிழமை, கடைக்கு எதிரே இருக்கும் அந்த அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்த எழுத்தர் அக்காவுக்கு பல வருஷப் பழக்கம். வருத்தமாகவே பேசினார்.

"இத எந்தத் தலைப்புல ஃபைல் போடுறது சொல்லுங்க சார். 'ஆக்கிரமிப்பு அகற்றுதல்'னு ஒரு தலைப்பு இருக்கு. அதுல போட்டா உங்க அக்கா மறுபடியும் ஆக்கிரமிப்பாளர் ஆயிடுவாங்க."

"சுவர் விளம்பரம் அழிக்கிறது?"

"அது எலெக்‌ஷன் டயத்துல மட்டும்தான். எழுதறதுக்கு வழி இருக்கு சார். அழிக்கறதுக்கு இல்ல."

நான் குறிப்பெடுத்துக்கொள்ளவில்லை என்பதற்காக இன்னும் வருந்துகிறேன்.

உள்ளே அதிகாரி ஒரு பெண்மணி, நாற்பது வயதுக்குள் இருக்கும். இங்கே மாற்றலாகி வந்து நாலு மாதம் ஆகிறது. நான் என் கனடாக் கடிதத்தை எடுத்து நீட்டினேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில், நான் இன்னொரு தடவை ஆறாம் வகுப்பில் ஃபெயிலானேன். ஆனால் அந்த அம்மா அதை ஆவலாகவே வாங்கி, முழுக்கப் படித்தார்.

"இத எழுதினவருதான் தப்பா நோட்டீஸ் ஒட்டினாரா?"

"இல்ல மேடம், இவர் வேற பிரிவு."

"நானும் வேற பிரிவுதான் சார். இவங்க வீட்ட இடிச்சப்ப நான் தர்மபுரில இருந்தேன். நான் செய்யாததுக்கு நான் கேட்டா நடிப்பு. கேக்கலேன்னா திமிரு. என்ன செய்யச் சொல்றீங்க?" கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியது போலத்தான் இருந்தது. "எழுத்துல குடுத்தா அது நாளைக்கு கோர்ட்டுல வந்து நிக்கும். எழுத்துல தர மாட்டேன்."

அக்கா அப்போதுதான் பேசினாள். "எழுதச் சொல்லல மேடம். எழுதனது போதும். அழிக்கச் சொல்றேன்."

அதிகாரி சிரித்துவிட்டார். "சரிம்மா, ஆள் அனுப்பறேன்."

"ஆளு வந்தாரு மேடம், போன வருசம். அத எழுதின பெயிண்டரே வந்தாரு. தெனம் அந்த வழியா போறேன், மனசு கேக்கலன்னு டப்பாவும் கையுமா வந்து நின்னாரு. காபி குடுத்து அனுப்பிட்டேன். அவரு கூலிக்கு எழுதினாரு. அவரு மேல எனக்கு ஒண்ணும் இல்ல."

"அப்ப யாருதான் வரணும்?"

"ஜீப்பு வரணும்" என்றாள் அக்கா.

6

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஜீப் வந்தது. நான் நம்பியிருக்கவில்லை. மாமா அவசரமாக மொபெட்டைத் தள்ளிக்கொண்டு ஓடினார். முழு எழுத்தும் வெளியே வந்தது. எதிர்வீடு, பக்கத்துவீடு, டீக்கடை, எல்லாரும் மெல்ல வெளியே வந்து நின்றார்கள். ஏழு வருஷத்துக்கு முன்பும் இப்படித்தான் நின்றிருப்பார்கள். அதிகாரி இறங்கினார். கூட வந்த ஊழியர் கையில் டப்பாவும் பிரஷ்ஷும்.

"மொதல்ல படிங்க மேடம்" என்றாள் அக்கா.

"என்னம்மா?"

"என்ன எழுதியிருக்குன்னு படிச்சிட்டு அழிங்க."

அவர் சுவரைப் பார்த்தார். ஒரு கணம் திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். பிறகு அவர் படித்தார். "ஆக்கிரமிப்பு." எல்லாருக்கும் கேட்கிற குரல்தான். எண்ணையும் படித்தார். அடுத்து ஒன்று சொன்னார், அது யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. "இது ஆக்கிரமிப்பு இல்ல. நாங்க தப்பா அளந்துட்டோம்." 'நாங்க' என்றார். தர்மபுரியில் இருந்தவர்.

பிரஷ்ஷை வாங்கி அவரே பூசினார். முதலில் பட்டையாக, பிறகு ஏறுக்கு மாறாக. பெயிண்ட் அடித்துப் பழக்கமில்லாத கை. புடவை ஓரத்தில் வெள்ளை சொட்டியது. டீக்கடைக்காரர், "மேலேர்ந்து கீழ இழுங்கம்மா" என்றார். அவரும் அப்படியே இழுத்தார்.

ஒரு தடவை பூசியதில் எழுத்து போகவில்லை. வெள்ளைக்கு அடியிலிருந்து சிவப்பு இளஞ்சிவப்பாக எட்டிப் பார்த்தது. எல்லா எழுத்தையும் இன்னும் படிக்க முடிந்தது.

"காஞ்சப்பறம் இன்னொரு கோட்டு அடிக்கணும். ஆள்..." என்று தொடங்கியவர் அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ஜீப் போய்விட்டது.

அன்று சாயங்காலம் நான் கேட்டேன். "போதுமாக்கா?"

"எதுக்குப் போதும்? சுவத்துக்குன்னா பாதி ஆச்சு. பாத்ரூமுக்கு நம்மதான் கடன் வாங்கி கட்டினோம். அதுக்கு வேற மனு. வர்ற திங்கக்கெழம கடலூர் போறேன்." இட்லி மாவைக் கரண்டியால் கலக்கினாள். "ஆனா அந்தப் பொண்ணு 'நாங்க'ன்னு சொல்லிச்சு பாரு, அத நான் கேக்கல. அது நான் அடிச்ச மனுவுலயே இல்ல." இதைச் சொல்லும்போது அவள் முகம் எனக்குப் புரியவில்லை. சந்தோஷம் என்று சொல்ல முடியாது. தனக்குத் தெரியாத ஒரு மாதிரியை முதல் தடவையாகப் பார்க்கிறவள் முகம்.

7

சனிக்கிழமை யாரும் வரவில்லை. மாமா நாள் முழுக்கச் சுவரையும் கட்டிலுக்கடியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "மச்சான், ரெண்டாவது கோட்டுக்குமா கெவர்மென்ட்டு வரணும்? இது கொஞ்சம் ஜாஸ்தி இல்ல?" என்றார். எனக்கும் ஜாஸ்தி என்றுதான் தோன்றியது. சொல்லும் தைரியம் எங்கள் இருவருக்கும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. அதிகாரி. சுடிதார், தலை ஈரம், கையில் சொந்தமாக வாங்கிய சின்ன பிரஷ். தெருவில் பால்காரரைத் தவிர ஆளில்லை.

"ஜீப்பு வரலியா?" என்றாள் அக்கா.

"இன்னிக்கு லீவும்மா. ஜீப்பு ஆபீசுது."

அக்கா யோசித்தாள். "அன்னிக்கு ஆபீஸ் வந்துச்சு. இன்னிக்கு நீங்க வந்திருக்கீங்க" என்றாள் கடைசியில். "உள்ள வாங்க, மொதல்ல காபி குடிங்க." பிறகு மாமாவின் சந்தன கலர் டப்பாவைத் தானே குனிந்து இழுத்து வந்தாள். ஒரு பக்கம் அந்த அம்மா அடிக்க, மறுபக்கம் அக்கா அடித்தாள். எட்டு மணிக்குள் சுவரில் எழுத்து இல்லை. அதிகாரி கைகழுவிவிட்டுக் கிளம்பினார். சாப்பிட்டுப் போகச் சொன்னதற்கு, வீட்டில் குழந்தை எழுந்திருக்கும் என்றார்.

பத்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். மாமா வாசலிலேயே நின்று, "சாயாதீங்க, ஈரம், ஈரம்" என்று ஒவ்வொருவராகக் காப்பாற்றி உள்ளே அனுப்பினார். மாப்பிள்ளையின் அப்பா மட்டும் தப்பவில்லை. தோளில் சந்தன கலரோடு வந்து உட்கார்ந்தார்.

"இப்பத்தான் பெயிண்ட் அடிச்சீங்களா?"

"புதுசா இருக்கட்டுமேன்னு சம்பந்தி" என்று மாமா வேகமாகச் சொன்னார்.

"நாங்க மட்டும் அடிக்கல" என்றாள் அக்கா. "ஆபீசர் அம்மா வந்து அடிச்சாங்க."

அவர் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். மாமா கேசரித் தட்டை நீட்டிப் பேச்சை மாற்றப் பார்த்தார். அக்கா சேலையைச் சரிசெய்துகொண்டு அவர்களுக்கு எதிரே கீழே உட்கார்ந்தாள். "அந்தச் சுவத்துல ஏழு வருசமா ஒரு வார்த்த எழுதியிருந்துச்சு" என்று தொடங்கினாள். என்ன வார்த்தை என்பதையும் சொன்னாள்.

மாமா தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா கேசரியைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அப்புறம்?" என்றார்.